தைராய்டு ஆபரேஷனில் குரல் நரம்பைக் காப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு ஒருவருக்குக் குரல் கம்மிவிட்டது என்று கேள்விப்பட்டால், கத்தி பட்டு நரம்பு அறுந்திருக்கும் என்றுதான் பலரும் முடிவு கட்டுகிறார்கள். அறுபடுவது உண்மையில் குறைவு. நரம்பு மானிட்டர் (நரம்பைத் தூண்டி, குரல் தசையில் எழும் மின் சிக்னலைத் திரையில் காட்டும் கருவி) புழக்கத்துக்கு வந்த பிறகு, அடி எந்த நிமிடத்தில், எந்த இடத்தில் விழுந்தது என்பதை ஆபரேஷன் நடக்கும்போதே பார்க்க முடிகிறது. அப்படிப் பார்த்ததில் தெரியவந்தது: பெரும்பாலான காயங்கள் இழுவையால் வருகின்றன. சுரப்பியைத் தூக்கி நடுப்பக்கமாக இழுக்கும்போது அதோடு ஒட்டியிருக்கும் நரம்பும் சேர்ந்து இழுபடுகிறது. பார்வைக்கு வெள்ளையாக, முழுசாகத்தான் இருக்கும். வேலை மட்டும் நின்றிருக்கும். அடிபட்ட நரம்புகளில் சர்ஜன் கண்ணால் பார்த்தே கண்டுகொள்வது பத்தில் ஒன்று அல்லது அதற்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

ஆகவே நரம்பைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அதன் மேல் விழும் இழுவையைக் குறைப்பதும், அது வேலை செய்கிறதா என்று சோதிப்பதும், சந்தேகம் வந்தால் ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளத் துணிவதும் மீதிப் பாதி. இதை முதன்மையாக எம்.எஸ். படிக்கும் மாணவர்களையும் தைராய்டு கையில் எடுக்கத் தொடங்கியிருக்கும் இளம் சர்ஜன்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். ஆபரேஷன் தேதி வாங்கிவிட்டுக் காத்திருப்பவர்களும் படிக்கலாம். டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது பிடிபடும். மூத்த சர்ஜன் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வதற்கு எந்தக் கட்டுரையும் ஈடாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எந்த நரம்புகள், எங்கே ஓடுகின்றன

முதலாவது ரிக்கரண்ட் லாரிஞ்சியல் நரம்பு. மூளையிலிருந்து கழுத்து வழியாக நெஞ்சுக்கு இறங்கும் வேகஸ் நரம்பின் கிளை இது. நேராகக் குரல்வளைக்குப் போகாமல் கீழே இறங்கி, வலப்பக்கம் கைக்குப் போகும் சப்கிளேவியன் தமனியையும் இடப்பக்கம் மகாதமனி வளைவையும் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறி வருகிறது. இடது நரம்பு மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலுள்ள பள்ளத்தில் ஏறக்குறைய நேராக ஏறும். வலது நரம்பு வெளிப்பக்கத்திலிருந்து சாய்வாக வரும். வலப்பக்கம் நரம்பைத் தேடும்போது இந்தச் சாய்வை மறந்துவிட்டுப் பள்ளத்திலேயே தேடிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குரல் நாணை அசைக்கும் தசைகளில் கிரிக்கோதைராய்டு ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இயக்குவது இந்த நரம்புதான். ஒரு பக்கம் போனால் குரல் கரகரக்கும், காற்றாகப் போகும். தண்ணீர் குடித்தால் புரையேறும். இருமலுக்கு வலு இருக்காது. இரண்டு பக்கமும் போனால் பேச்சு ஓரளவு சரியாகவே இருக்கலாம்; ஆனால் இரு நாண்களும் நடுவில் நெருங்கி நின்றுவிடுவதால் மூச்சு அடைக்கும். அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இரண்டாவது, சுப்பீரியர் லாரிஞ்சியல் நரம்பின் வெளிக்கிளை. கிரிக்கோதைராய்டு தசையை இயக்குவது இது. குரல் நாணை இழுத்து இறுக்கி சுருதியை ஏற்றுவது அந்தத் தசையின் வேலை. இது அடிபட்டால் சாதாரணப் பேச்சில் வித்தியாசம் தெரியாது. பாடினால் மேல் ஸ்தாயி எட்டாது, உரக்கக் கூப்பிட முடியாது, சாயங்காலத்துக்குள் குரல் களைத்துவிடும். இத்தாலிய ஓப்பரா பாடகி அமெலிதா கல்லி-குர்ச்சிக்கு 1935-இல் சிகாகோவில் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. அதோடு அவர் பாட்டு போய்விட்டது என்ற கதையால் இந்த நரம்புக்கு அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அந்தக் கதை நிஜம்தானா என்றே கேள்வி எழுப்பியது. கதை எப்படியோ, நரம்பு இருப்பது நிஜம். பாட்டு டீச்சருக்கும், வகுப்பெடுக்கும் ஆசிரியருக்கும், சந்தையில் கூவி விற்பவருக்கும் அது தேவைப்படுவதும் நிஜம்.

எவ்வளவு பேருக்கு இப்படி ஆகிறது? 2009-இல் 27 ஆய்வுகளையும் சுமார் 25,000 நோயாளிகளையும் திரட்டிய ஒரு மதிப்பாய்வு, தற்காலிக முடக்கம் சராசரியாக 9.8 சதவீதம், நிரந்தர முடக்கம் 2.3 சதவீதம் என்றது. ஆனால் தற்காலிக முடக்கத்தின் கணக்கு, குரல்வளையை எந்த முறையில் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்து 2.3 முதல் 26 வரை மாறியது. தேடினால்தான் கிடைக்கும். "என் கையில் ஒரு நரம்புகூடப் போனதில்லை" என்று யாராவது சொன்னால், எல்லோருக்கும் ஸ்கோப் (குரல்வளைக்குள் கேமரா விட்டு) பார்த்தீர்களா என்று கேட்க வேண்டும்.

படி 1: கத்தி எடுக்கும் முன்பே பாதி வேலை

எல்லோருக்கும் ஆபரேஷனுக்கு முன் குரல்வளையைக் கேமரா விட்டுப் பாருங்கள். குரல் நன்றாக இருக்கிறதே என்று விடக் கூடாது. ஒரு நாண் முடங்கி நாளாகியிருந்தால் மறு நாண் நடுவைத் தாண்டி வந்து ஈடுகட்டிவிடும். கேட்பவருக்குக் குறை தெரியாது. அப்படிப்பட்டவருக்கு, நன்றாக இருக்கும் பக்கத்தில் கை வைத்து அந்த நரம்பும் போனால் நேரே டிராக்கியோஸ்டமிதான் (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயில் டியூப் வைப்பது). அதோடு, புற்றுநோயில் நாண் ஏற்கனவே முடங்கியிருந்தால் கட்டி நரம்புக்குள் புகுந்திருக்கலாம் என்பதற்கு அது எச்சரிக்கை. ஏற்கனவே கழுத்து, நெஞ்சு அல்லது முதுகெலும்பின் முன்பக்க ஆபரேஷன் நடந்தவர்களுக்கு இது இன்னும் கட்டாயம்.

கட்டி மார்பெலும்புக்குப் பின்னால் இறங்கியிருந்தால் சிடி ஸ்கேன் எடுங்கள். அதில் கட்டியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல் வலது சப்கிளேவியன் தமனி எங்கிருந்து கிளம்புகிறது என்றும் பாருங்கள். அது இடம் மாறி, மகாதமனி வளைவின் கடைசிக் கிளையாக உணவுக்குழாய்க்குப் பின்னால் ஓடினால், வலது நரம்பு கீழே இறங்கிச் சுற்றி வராது. கழுத்திலேயே வேகஸிலிருந்து குறுக்காகக் குரல்வளைக்குப் போய்விடும். வலப்பக்கத்தில் நூறில் ஒருவருக்கு அல்லது அதற்கும் குறைவாக இப்படி இருக்கும். இடப்பக்கம் அபூர்வத்திலும் அபூர்வம். உறுப்புகள் இடம் மாறிப் பிறந்தவர்களிடம்தான் பார்க்க முடியும். சிடி இல்லாவிட்டாலும் அல்ட்ராசவுண்டிலேயே வலது கரோட்டிட் என்ற கழுத்துத் தமனியும் சப்கிளேவியனும் ஒரே தண்டிலிருந்து ஒய் வடிவில் பிரிகின்றனவா என்று பார்த்துவிடலாம். பிரிந்தால் கவலையில்லை.

இரண்டாவது முறை ஆபரேஷன் என்றால் பழைய ஆபரேஷன் குறிப்பு கைக்கு வராமல் தேதி கொடுக்காதீர்கள்.

அப்புறம், எவ்வளவு எடுப்பது என்ற கேள்வி. ஒரு பாதியை மட்டும் எடுத்தால் ஒரு நரம்புக்கு மட்டுமே ஆபத்து. அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதலே 1 முதல் 4 செ.மீ. வரையுள்ள, பரவாத, ஆபத்துக் குறைந்த புற்றுநோய்க்குப் பாதிச் சுரப்பியை எடுப்பது போதுமானதாக இருக்கலாம் என்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று முழுசையும் எடுக்கும் பழக்கம் நரம்புக்கு நல்லதல்ல.

நோயாளிகளுக்கு ஒன்று: உங்கள் சர்ஜன் வருஷத்துக்கு எத்தனை தைராய்டு ஆபரேஷன் செய்கிறார் என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. வருஷத்துக்கு 25-க்கு மேல் செய்பவர்களிடம் சிக்கல்கள் குறைவு என்று 2017-இல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. இரண்டு பக்கமும் எடுப்பதாகத் திட்டமிட்டுவிட்டு ஒரு பக்கத்தோடு நிறுத்த நேரலாம் என்பதையும் முன்கூட்டியே பேசி, ஒப்புதல் படிவத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தியேட்டரில் அந்த முடிவெடுக்கும் சர்ஜனுக்கு இந்த ஒரு வரி பெரிய தைரியம் கொடுக்கும்.

படி 2: மயக்க மருத்துவரோடு பேசுங்கள்

மானிட்டர் வைப்பதாக இருந்தால், மின்முனை பதித்த மூச்சுக்குழாய் டியூப் தேவை. அந்த மின்முனைகள் இரண்டு குரல் நாண்களையும் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். டியூபில் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் ஜெல்லி தடவக் கூடாது. தசையைத் தளர்த்தும் மருந்தை டியூப் போடுவதற்கு மட்டும், சீக்கிரம் விட்டுப்போகும் அளவில் கொடுத்தால் போதும். சக்சினைல்கோலின் அல்லது குறைந்த அளவு ரோக்குரோனியம். பழக்க தோஷத்தில் நடுவில் இன்னொரு டோஸ் போய்விட்டால் அதன் பிறகு மானிட்டர் காட்டும் எதையும் நம்ப முடியாது. இதை ஆபரேஷனுக்கு முன்பே ஒரு நிமிடம் பேசிவிடுங்கள்.

தோளுக்கடியில் தலையணை வைத்துக் கழுத்தை நீட்டியதும் டியூப் நகரும். ஆகவே படுக்க வைத்த பிறகு, துணி விரிக்கும் முன், மறுபடி லாரிஞ்சோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். மானிட்டர் தப்புக் காட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம் டியூப் இருக்கும் இடம்தான். மெஷின் பேரில் பழி போடுவதுதான் வழக்கம்.

படி 3: திறப்பதும் முதல் சோதனையும்

கட்டி பெரிதாக இருந்தால் கழுத்தின் முன் தசைகளை வெட்டிப் பிரிக்கத் தயங்காதீர்கள். சின்ன வெட்டு, சின்ன வழி என்று பிடிவாதம் பிடித்தால் அதற்கான விலையை நரம்பு இழுவையாகக் கொடுக்கும். தழும்பு மங்கிவிடும்.

சுரப்பியைத் தொடும் முன், கரோட்டிட் உறையில் வேகஸை ஸ்டிமுலேட்டரால் (மின்தூண்டுகோல்) தொட்டு 1 முதல் 2 மில்லிஆம்பியர் கொடுத்துப் பாருங்கள். பன்னாட்டு நரம்பு மானிட்டரிங் குழு 2011-இல் வகுத்த வரிசையில் இதற்கு வி1 என்று பெயர். ஆபரேஷனுக்கு முன் ஸ்கோப் எல்1. நரம்பைக் கண்டதும் ஆர்1, பிரித்து முடித்ததும் ஆர்2, கடைசியில் மறுபடி வேகஸில் வி2, பிறகு ஸ்கோப் எல்2. ஆரம்பத்தில் 500 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் வந்தால் நல்ல அடித்தளம். தொடக்கத்தில் எவ்வளவு என்று குறிக்காமல் விட்டால், பிறகு குறைந்ததா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது?

வேகஸ் சோதனையில் இன்னொரு லாபமும் உண்டு. வலப்பக்கம், தைராய்டு குருத்தெலும்பின் உயரத்தில் தொட்டால் சிக்னல் வந்து, கீழே நான்காவது மூச்சுக்குழாய் வளையத்துக்குக் கீழ் தொட்டால் வராமல் போனால், நரம்பு நடுவிலேயே பிரிந்துவிட்டது என்று அர்த்தம். சுற்றி வராத நரம்பை இப்படி முன்கூட்டியே பிடித்துவிடலாம்.

மானிட்டர் இல்லாத தியேட்டரில் என்ன செய்வது? ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் டியூப் விலை அதிகம். எல்லா இடத்திலும் கிடைக்காது. ஒரு சாதாரண நரம்பு ஸ்டிமுலேட்டர் இருந்தால்கூடப் போதும். விரலைக் குரல்வளைக்குப் பின்னால், கிரிக்காய்டு என்ற வளையக் குருத்தெலும்பின் பின்தட்டில் வைத்துக்கொண்டு நரம்பைத் தூண்டினால் தசை துடிப்பது விரலில் தெரியும். இதற்கும் தசைத் தளர்வு மருந்து விட்டுப்போயிருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் கண்தான். பாஸ்டனில் சர்ஜன் ஃப்ராங்க் லாஹி 1930-களில் மானிட்டர் எதுவும் இல்லாமல், ஒவ்வொரு ஆபரேஷனிலும் நரம்பைத் தேடிக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்று வற்புறுத்தினார். நரம்பின் பக்கமே போகாமலிருப்பதுதான் பாதுகாப்பு என்று நம்பிய காலம் அது. 1938-இல் அவர் எழுதியதுதான் இன்றைய நடைமுறையின் அடிப்படை. 2019 காக்ரேன் மதிப்பாய்வுகூட, மானிட்டர் வைப்பது கண்ணால் பார்ப்பதைவிட மேல் என்று உறுதியாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றே முடித்தது. அப்புறம் ஏன் வைக்கிறோம்? ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கம் போகலாமா என்ற கேள்விக்குக் கண்ணால் பதில் சொல்ல முடியாது. என்னைக் கேட்டால், மானிட்டர் வாங்குவதற்கு அந்த ஒரு காரணமே போதும்.

படி 4: மேல் முனை

வெளிக்கிளைக்கு ஆபத்து இங்கேதான். சுரப்பியின் மேல் முனைக்கும் கிரிக்கோதைராய்டு தசைக்கும் நடுவில் ரத்தக்குழாய் இல்லாத ஓர் இடைவெளி இருக்கிறது. மேல் முனையைக் கீழ்ப்பக்கமாகவும் வெளிப்பக்கமாகவும் இழுத்தால் அது திறக்கும். ஸ்டெர்னோதைராய்டு தசையின் மேல் நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

பிரேசில் சர்ஜன் செர்னியா 1992-இல் இந்த நரம்பை மூன்றாக வகைப்படுத்தினார். மேல் முனைக்கு ஒரு செ.மீ.க்கு மேலே ரத்தக்குழாய்களைக் கடந்தால் முதல் வகை. அதற்குள் கடந்தால் 2ஏ. மேல் முனைக்கும் கீழே இறங்கியிருந்தால் 2பி. பெரிய கழலையில் மேல் முனை மேலேறிவிடுவதால் 2பி அதிகம். அதாவது ஆபரேஷன் எவ்வளவு கஷ்டமோ நரம்பு அவ்வளவு பக்கத்தில் இருக்கும்.

செய்யக் கூடாதது ஒன்றே: மேல் முனையின் குழாய்களை மொத்தமாக ஒரு கட்டாகப் பிடித்துக் கட்டுவது. ஒவ்வொரு கிளையாக, சுரப்பியின் உறையை ஒட்டி, தனித்தனியாகக் கட்டி வெட்டுங்கள். கட்டும் முன் ஸ்டிமுலேட்டரால் தொட்டால் நரம்பாக இருந்தால் கிரிக்கோதைராய்டு துடிப்பது கண்ணுக்கே தெரியும். இதற்கு மானிட்டர் திரைகூடத் தேவையில்லை.

படி 5: ரிக்கரண்ட் நரம்பைக் கண்டுபிடிப்பது

நடுத் தைராய்டு சிரையைக் கட்டி வெட்டினால் மடல், அதாவது சுரப்பியின் அந்தப் பாதி, நடுப்பக்கம் திரும்பும். இனி நரம்பு கண்ணில் படும்வரை, கரோட்டிடுக்கும் குரல்வளைக்கும் நடுவில் குறுக்காக ஓடும் எதையும் வெட்டாதீர்கள். சுற்றி வராத நரம்பு குறுக்காகத்தான் ஓடும். ரத்தக்குழாய் என்று நினைத்து வெட்டிவிட்டால் சொல்லிப் பயனில்லை.

வழக்கமான வழி பக்கவாட்டில். கீழ்த் தைராய்டு தமனி குறுக்கே வரும் இடத்துக்குப் பக்கத்தில் தேடுங்கள். நரம்பு தமனிக்குப் பின்னால் போகலாம், முன்னால் போகலாம், அதன் கிளைகளுக்கு இடையிலும் புகுந்து போகலாம். ஆகவே தமனியை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி என்று முழுசாக நம்பாதீர்கள். அதன் தண்டைக் கட்டவும் வேண்டாம். கால்சியத்தைக் கவனித்துக்கொள்ளும் பாராதைராய்டு சுரப்பி ரத்தமில்லாமல் பட்டினி கிடக்கும். கிளைகளைச் சுரப்பியை ஒட்டிக் கட்டுங்கள்.

மறு ஆபரேஷனில், பழைய தழும்பு அதிகம் என்றால், கீழ் முனைக்குக் கீழே தொடாத திசுவில் பள்ளத்தில் நரம்பைப் பிடித்து மேலே தொடர்ந்து வருவது நல்லது. மார்புக்குள் இறங்கிய பெரிய கழலையில் நேர்மாறாக, மேல் முனையை விடுவித்துவிட்டு, நரம்பு குரல்வளைக்குள் நுழையும் இடத்தில், தைராய்டு குருத்தெலும்பின் கீழ்க்கொம்புக்குப் பக்கத்தில் பிடித்து மேலிருந்து கீழே வரலாம். கழலை நரம்பை எந்தப் பக்கம் தள்ளியிருந்தாலும் நுழைவாயில் மட்டும் இடம் மாறாது. மார்புக்குள்ளிருக்கும் கழலையை விரல் விட்டு வெளியே இழுப்பதற்கு முன் நரம்பு எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். சில சமயம் அது கழலையின் முன்பக்கத்தில் ஒட்டிப் படர்ந்திருக்கும்.

எமில் சுக்கர்காண்டல் 1902-இல் விவரித்த ஒரு புடைப்பு மடலின் பின்பக்கம் இருக்கும். பெரிதாக இருந்தால், அதை மெல்லத் தூக்கிப் பார்த்தால் நரம்பு பெரும்பாலும் அதன் அடியில், உட்பக்கமாக ஓடும். கண்ணில் படுவது நரம்புதானா? வெள்ளையாக, லேசாக வளைந்து, மேலே ஒரு மெல்லிய சிவப்பு ரத்தக்குழாய்க் கோடு ஓட, பிரியாமல் தொடர்ந்து மேலேறினால் அதுதான். ஸ்டிமுலேட்டரால் தொட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், ஆர்1.

மெல்லிய நரம்பைக் கண்டுவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். குரல்வளைக்குள் போகும் முன்பே நரம்பு கிளை பிரிவது சகஜம். நாணை அசைக்கும் இழைகள் பெரும்பாலும் முன்கிளையில், அதாவது சுரப்பியை ஒட்டிய கிளையில் இருக்கும். நீங்கள் காப்பாற்றியது பின்கிளை, வெட்டியது முன்கிளை என்றால் பயன் ஒன்றும் இல்லை. கண்டது வழக்கத்தைவிட மெலிந்திருந்தால் நடுப்பக்கமாக இன்னொன்று இருக்கிறதா என்று தேடுங்கள்.

படி 6: கடைசி 2 செ.மீ.

அதிகக் காயங்கள் நடப்பது இங்கே. பெர்ரி தசைநார் என்ற கெட்டியான திசு சுரப்பியை மூச்சுக்குழாயோடு இறுக்கிப் பிடித்திருக்கிறது. நரம்பு அதன் பின்பக்கத்தை ஒட்டிப் போகிறது. சிலரிடம் அதன் இழைகளுக்குள்ளேயே போகிறது. மடலை நடுப்பக்கம் தூக்கி இழுத்தால், தசைநார் வழியாக நரம்பும் எழும்பி முழங்கைபோல் மடங்கும். உதவியாளர் மடலைப் பிடித்தபடி ஐந்து நிமிடம் அசையாமல் நிற்கிறார், சர்ஜன் மும்முரமாக இருக்கிறார், நரம்பு அதுபாட்டுக்குச் செத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே இந்த இடத்தில் இழுவையை அடிக்கடி விட்டுவிட்டுப் பிடியுங்கள். வேகஸில் தொடர் மின்முனை வைக்கும் வசதி இருந்தால், சிக்னலின் வீச்சு (உயரம்) பாதிக்குக் கீழே இறங்குவதும் அது வந்துசேரும் தாமதம் 10 சதவீதத்துக்கு மேல் ஏறுவதும் சேர்ந்து வந்தால் உடனே கையைத் தளர்த்த வேண்டும். பல சமயம் சில நிமிடங்களில் சிக்னல் திரும்பிவிடும். அறுந்த நரம்புக்கு இந்த வாய்ப்பு கிடையாது. இழுபட்ட நரம்புக்கு உண்டு.

இந்த இடத்தில் ஒரு சின்னத் தமனி இருக்கும். அது கசிந்தால் எல்லோருக்கும் கை பதறும். ஆர்ட்டரி ஃபோர்செப்ஸை உள்ளே விட்டுக் குருட்டாம்போக்கில் பிடிப்பதுதான் நரம்பை நசுக்கும் நிச்சயமான வழி. சுட்டு அடைக்கும் கட்டரியும் வேண்டாம். இழுவையை விடுங்கள், சின்ன காஸ் துணி வைத்து அழுத்துங்கள், பொறுத்திருங்கள். பிறகு நரம்பைப் பார்த்தபடி மெல்லிய தையல் ஒன்று போடலாம். சக்ஷன் நுனியை நரம்பின் மேல் நேராக வைக்காமல் காஸ் மேல் வைத்து உறிஞ்சுங்கள். புற்றுநோய் இல்லாதவருக்கு, நரம்பு சுரப்பியோடு பின்னிக்கிடந்தால் ஒரு துளித் திசுவை அங்கேயே விட்டுவருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சூட்டால் ரத்தக்குழாயை அடைத்து வெட்டும் ஹார்மோனிக், லிகாஷ்யூர் போன்ற கருவிகள் நேரத்தை மிச்சப்படுத்துகின்றன, சரி. ஆனால் சூடு பரவும். நரம்பிலிருந்து 3 முதல் 5 மில்லிமீட்டர் தள்ளியே பயன்படுத்துங்கள். வேலை முடிந்த பிறகும் பிளேடு சில நொடிகள் சூடாகவே இருக்கும். அதே நுனியால் நரம்புப் பக்கத் திசுவைத் தள்ளுவது தப்பு. பக்கத்துத் தசையில் தொட்டு ஆறவைத்துவிட்டுத் தொடருங்கள். பெர்ரி பக்கத்தில் பழைய பாணியே மேல்: கத்தரி, மெல்லிய நூல்.

படி 7: மறுபக்கம் போகும் முன் நில்லுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

முதல் பக்கம் முடிந்ததும் ஆர்2, பிறகு வி2. ஏன் வேகஸிலிருந்து பார்க்க வேண்டும்? நரம்பை அடிபட்ட இடத்துக்கு மேலே, குரல்வளைப் பக்கத்தில் தொட்டால் சிக்னல் நன்றாகவே வரும். அங்கிருந்து குரல்வளை வரை நரம்பு முழுசாகத்தானே இருக்கிறது. மூளையிலிருந்து வரும் ஆணை கடக்க வேண்டிய முழுப் பாதையையும் வேகஸில் தொட்டால்தான் சோதிக்க முடியும்.

வி2 நன்றாக இருந்தால் நாண் அசையும் என்பதை 95 சதவீதத்துக்கு மேல் நம்பலாம். 1 முதல் 2 மில்லிஆம்பியர் கொடுத்தும், ரத்தம் ஈரம் எல்லாம் துடைத்த பிறகும், 100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டவில்லை என்றால் சிக்னல் போய்விட்டது என்று கொள்ள வேண்டும். உடனே பதற வேண்டாம். குரல்வளையின் பின்னால் விரல் வைத்துத் தூண்டிப் பாருங்கள். துடிப்பு விரலில் தெரிகிறது, திரையில் இல்லை என்றால் பிரச்சினை டியூபில். துடிப்பும் இல்லையென்றால் மறுபக்க வேகஸைத் தொடுங்கள். அங்கே சிக்னல் வந்தால் மெஷினும் டியூபும் மருந்தும் சரி. அடிபட்டது இந்த நரம்புதான். அங்கேயும் வரவில்லை என்றால் டியூபையும் தசைத் தளர்வு மருந்தையும் பாருங்கள்.

உண்மையிலேயே நரம்புதான் என்று உறுதியானால், குரல்வளை நுழைவாயிலிலிருந்து கீழ்நோக்கி அங்குலம் அங்குலமாகத் தொட்டு, எந்த இடத்தில் சிக்னல் நிற்கிறது என்று பாருங்கள். அங்கே ஒரு கிளிப்போ, தையலோ பிடித்திருந்தால் எடுத்துவிடுங்கள். பிறகு 20 நிமிடம் காத்திருங்கள். திரும்பி வந்தால் தொடர்வதை யோசிக்கலாம். வரவில்லை என்றால் மூடிவிட்டு வெளியே வாருங்கள். மறுபக்கத்தைப் பிறகு, நாண் அசைவதை ஸ்கோப்பில் பார்த்துவிட்டுச் செய்யலாம். பன்னாட்டுக் குழுவின் 2018 வழிகாட்டுதலும் இப்படி இரண்டு கட்டமாகப் பிரிப்பதையே சொல்கிறது. பெரும்பாலான தைராய்டு புற்றுநோய்க்கு இந்தக் காத்திருப்பால் கெடுதல் இல்லை.

கஷ்டம் மருத்துவத்தில் இல்லை, மனசில் இருக்கிறது. பட்டியலில் முழுத் தைராய்டு என்று எழுதியிருக்கிறது, வெளியே உறவினர்கள் காத்திருக்கிறார்கள், பாதியில் நிறுத்தினால் தோற்றதுபோல் தோன்றும். சிக்னல் போன பிறகும் மறுபக்கம் போய் இரண்டு நரம்பையும் இழந்துவிட்டு, கழுத்தில் டியூபோடு நோயாளியை வார்டுக்கு அனுப்புவதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆபத்து அதிகமான பக்கத்தை, அதாவது பெரிய கட்டி அல்லது புற்றுநோய் உள்ள பக்கத்தை முதலில் செய்வதும் இதனால்தான்.

நரம்பு அறுந்துவிட்டால், அல்லது புற்றுநோய் பிடித்திருந்தால்

அறுந்தது தெரிந்தால் அப்போதே சேர்த்துத் தையுங்கள். இழுவை இல்லாமல் நுனிகள் சேர்ந்தால் பெரிதாக்கிப் பார்த்து 8-0 அல்லது 9-0 நைலானில் நேரடித் தையல். சேரவில்லை என்றால் கழுத்திலேயே கிடைக்கும் ஆன்சா சர்விக்காலிஸ் என்ற நரம்பை ரிக்கரண்டின் மேல் நுனியோடு இணைக்கலாம். ஜப்பானின் கோபே நகரிலுள்ள குமா மருத்துவமனையின் சர்ஜன் மியாவுச்சி நெடுங்காலமாக வலியுறுத்திவரும் முறை இது. தைத்தாலும் நாண் பழையபடி விரிந்து மூடாது. ஆனால் தசை சுருங்கிப்போகாமல், நாண் தொய்யாமல் இருக்கும். குரல் பெரும்பாலும் நன்றாகவே தேறும்.

புற்றுநோய் நரம்பைச் சூழ்ந்திருந்தால் எல்1-தான் வழிகாட்டும். நாண் முன்பே முடங்கியிருந்து நரம்பு கட்டிக்குள் புதைந்திருந்தால் சேர்த்து எடுத்துவிட்டு மேலே சொன்ன இணைப்பைச் செய்யலாம். நாண் அசைந்துகொண்டிருந்தால், கண்ணுக்குத் தெரியும் கட்டி முழுவதையும் நரம்பின் மேலிருந்து சீவி எடுத்துவிட்டு நரம்பைக் காக்கவே பார்க்க வேண்டும்.

படி 8: வார்டில், பிறகு வீட்டில்

டியூபை எடுத்ததும் மூச்சு இழுக்கும்போது சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் இரண்டு நாணும் முடங்கியிருக்கலாம். தாமதிக்காமல் மறுபடி டியூப் போடுங்கள். அதன் பிறகும் சரியாகாதவருக்கு டிராக்கியோஸ்டமி. அந்த நரம்புகள் தேறுகின்றனவா என்று மாதக்கணக்கில் பார்த்துவிட்டுத்தான் லேசரால் நாணின் ஒரு பகுதியை வெட்டி மூச்சு வழியை நிரந்தரமாக அகலமாக்குவது பற்றி யோசிப்பார்கள். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது, குரலும் அதில் கொஞ்சம் போகும்.

முதல் இரண்டு மூன்று நாள் தொண்டை கரகரப்பு டியூபாலும் வரும். அது நாளுக்கு நாள் குறையும். குறையாமல் இருந்தால், தண்ணீர் குடிக்கும்போது புரையேறினால், ஸ்கோப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். உதட்டைச் சுற்றி மதமதப்பு, விரல்கள் இழுப்பது ஆகியவற்றை நரம்பு போச்சு என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. அது கால்சியம் குறைந்ததன் அடையாளம், வேறு பிரச்சினை. அதற்கும் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஒரு நாண் மட்டும் முடங்கியிருந்தால், இழுவையால் வந்த காயம் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தேறிவிடும். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. குரல் பயிற்சியாளரிடம் சீக்கிரமே போங்கள். தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்கினால் பலருக்குப் புரையேறுவது குறைகிறது. தண்ணீரைவிடக் கஞ்சி பதத்தில் இருப்பது எளிதாக இறங்கும். வேலைக்குக் குரல் உடனே வேண்டும் என்பவருக்கு நாணில் ஹயலூரானிக் அமிலம் போன்ற கரையும் பொருளை ஊசியாகப் போட்டு நடுப்பக்கம் தள்ளிவைக்கலாம். நரம்பு தேறும்போது அது தானாகக் கரைந்துவிடும். ஒரு வருஷம் ஆகியும் நாண் அசையவில்லை என்றால் தைராய்டு குருத்தெலும்பில் சின்ன ஜன்னல் திறந்து ஒரு துண்டை வைத்து நாணை நடுவுக்குத் தள்ளும் தைரோபிளாஸ்டி இருக்கிறது. நோயாளி விழித்திருக்கும்போதே, பேசச் சொல்லிக் கேட்டுக்கொண்டே, எவ்வளவு தள்ளுவது என்று முடிவு செய்வார்கள்.

சர்ஜனுக்கு மிச்சமிருப்பது ஆபரேஷன் குறிப்பு. "நரம்பு பார்க்கப்பட்டது, காக்கப்பட்டது" என்ற ஒரு வரி போதாது. எந்தப் பக்கம், தமனிக்கு முன்னாலா பின்னாலா, கிளை பிரிந்திருந்ததா, வி1-உம் வி2-உம் எத்தனை மைக்ரோவோல்ட், சிக்னல் போயிருந்தால் எந்த இடத்தில், ஏதாவது திசு விடப்பட்டதா என்று எழுதி, அதன் நகலை நோயாளி கையிலும் கொடுத்துவிடுங்கள்.